கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி: மனுப் போடும் நாளில் கையில் இருப்பது ஒரு வருட மார்க்தான்

கேள்வி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஒரு தாயிடமிருந்து வந்தது. மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள், ப்ரீகால்குலஸ் வரை கணிதம் படித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கேட்ட யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு பெர்க்லிக்கோ சான் டியேகோவுக்கோ மாற முடியுமா, பட்டத்தில் அந்தக் காலேஜ் பெயர் வருமா, குடும்பம் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருப்பதால் சிக்கல் உண்டா என்று கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வரி: "மதுரையில் இருக்கும் மாமனார், 'என்னம்மா, டுடோரியல் காலேஜா?' என்கிறார். என்ன சொல்வது?"

மாமனாரிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் இருப்பதில் எளிது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பையன் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதை அவர் பார்த்திருப்பார். அதுபோலத்தான் இதுவும், இங்கே மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்கள் என்று சொல்லுங்கள். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் ஆறு மாதம், ஒரு வருடத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்பது மார்க் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இது கொல்லைப்புற வழியும் இல்லை. 1960-ல் கிளார்க் கெர் யூசியின் தலைவராக இருந்தபோது கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேல்நிலையில் இருக்கும் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, மேல் மூன்றில் ஒரு பங்கு கால் ஸ்டேட்டுக்கு (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு), கம்யூனிட்டி காலேஜ் வந்து கேட்கும் எவருக்கும். அதோடு, பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 பேர் என்றால் பின் இரண்டு ஆண்டு மாணவர்கள் 60 பேர் இருக்கவேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே எழுதினார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது இப்படி நடுவில் மாறி வரும் ட்ரான்ஸ்ஃபர் மாணவர்கள்தான். உங்கள் பெண்ணுக்கான நாற்காலியைக் கட்டடம் கட்டும்போதே போட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஹேவர்டில் இருக்கும் ஷாபோ காலேஜில் படித்துவிட்டு சாக்ரமென்டோ கால் ஸ்டேட்டுக்குப் போனவர்தான் நடிகர் டாம் ஹாங்க்ஸ். மாமனாருக்கு இந்தத் தகவல் பிடிக்கலாம்.

இதுவரை சொன்னது நல்ல சேதி. நான் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 16 வருடமாகக் கணிதம் எடுக்கிறேன். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மாறும் எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்தவர்களில் நான்கு வருடத்துக்குள் உண்மையில் மாறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். மீதி நால்வரும் படிக்காத பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்தைத் தாங்குபவர்கள் நிறைய. ஆனால் உங்கள் பெண்ணைப்போல வீட்டில் வசதி இருந்தும் சறுக்கும் பிள்ளைகளை நான் வருடாவருடம் பார்க்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு: ட்ரான்ஸ்ஃபர் என்பது இரண்டாம் வருடக் கடைசியில் செய்யும் வேலை என்று நினைத்திருந்தார்கள்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் சேர்கிறாள். யூசிக்கு மனு அனுப்பும் காலம் அக்டோபர், நவம்பர். எந்த வருட அக்டோபர்? அவளுடைய இரண்டாம் ஆண்டு அக்டோபர். அன்று அவள் கையில் இருப்பது இரண்டு செமஸ்டர் மார்க். கோடையில் படித்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு பாடம். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் செமஸ்டர் முடிவை ஜனவரியில் கூடுதலாகத் தெரிவிக்கலாம், தெரிவித்தே ஆகவேண்டும். நான்காவது செமஸ்டரின் மார்க் வருவதற்குள் முடிவே வந்துவிடும். வாயால் இரண்டு வருடம் என்கிறோம். எடைபோடப்படுவது முதல் வருடமும் அதற்கு அடுத்த நான்கு மாதமும். "முதல் செமஸ்டர் பழகிக்கொள்ளட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு பக்கம் பார்த்தால் இதில் ஒரு பெரிய விடுதலையும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் சேர வரும் ட்ரான்ஸ்ஃபர் மாணவரின் பள்ளி மார்க்கை யூசி பார்ப்பதில்லை. எஸ்ஏடி நுழைவுத் தேர்வும் கிடையாது. பத்தாவதில் வாங்கிய அந்த பி-மைனஸ் செத்துப்போயிற்று. புதுப் பலகை, புதுச் சாக்பீஸ்.

கணிதத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு உண்மையான காலண்டர் இதுதான். முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், மூன்றாம் கால்குலஸ், பிறகு லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. நான்கு செமஸ்டருக்கு நான்கு படி, மூச்சுவிட இடமில்லை. கால்குலஸோடு கூடிய இயற்பியலும் வேண்டுமென்றால் அது கணிதத்துக்கு ஒரு படி பின்னால் வரும், ஏனென்றால் அதன் முதல் பாடத்துக்கே கால்குலஸ் தெரிந்திருக்கவேண்டும். புரோகிராமிங்கில் ஒரு வரிசை தனியாக ஓடும். உங்கள் பெண் முதல் செமஸ்டரில் நேராகக் கால்குலஸில் உட்கார்ந்தால் இரண்டு வருடத்தில் முடியும். "ப்ரீகால்குலஸை இன்னொரு முறை படித்து அஸ்திவாரத்தைப் பலப்படுத்திக்கொள்ளட்டும்" என்றால் மூன்றாம் வருடம் வந்துவிடும், அல்லது கோடை விடுமுறை முழுக்கப் போகும். 2017-ல் வந்த ஏபி 705 என்ற சட்டத்துக்குப் பிறகு, பள்ளி மார்க்கை வைத்தே சரியான கணிதப் பாடத்தில் உட்கார வைக்கவேண்டும். பழையபடி நுழைவுத் தேர்வு வைத்து இரண்டு படி கீழே தள்ளுவது இல்லை. ப்ரீகால்குலஸில் நல்ல மார்க் இருந்தால் தைரியமாகக் கால்குலஸ் எடுக்கட்டும். மூன்றாம் வாரத்தில் தடுமாறினால் ட்யூட்டரிங் சென்டர் இருக்கிறது, இலவசம். சந்தேகம் கேட்க ஆசிரியரின் ஆஃபீஸ் அவர் என்று ஒரு நேரம் இருக்கிறது. நான் அந்த நேரத்தில் பாதி நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்தப் பாடம் எடுப்பது என்பதை நண்பர்களைக் கேட்டு முடிவுசெய்யவேண்டாம். அசிஸ்ட் என்று ஓர் அரசுத் தளம் இருக்கிறது, அசிஸ்ட் டாட் ஆர்க். இந்தக் கம்யூனிட்டி காலேஜின் இந்தப் பாடம், அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று மேஜர்வாரியாக (முதன்மைப் பாடவாரியாக) அதில் போட்டிருப்பார்கள். அதில் இருப்பதுதான் அதிகாரபூர்வம். சேருமுன்பே நான்கு வளாகங்களுக்கு நான்கு தாள் அச்செடுத்து மேஜையில் பரப்பிப் பாருங்கள். நான்கிலும் இருக்கும் பாடங்களுக்கு முதலிடம். ஒரு வளாகம் ஜாவா வரிசையைக் கேட்கும், இன்னொன்று சி++ கேட்கும். எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் காலேஜின் கவுன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரைப் பார்க்கப் போகவேண்டும். கவுன்சிலர்கள் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் வரும்.

பொதுப் பாடத் தொகுதி ஒன்றும் உண்டு. முன்பு ஐகெட்சி என்பார்கள். 2025 இலையுதிர் காலம் முதல் சேர்பவர்களுக்கு கால்-கெட்சி, 34 யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் எண்). வரலாறு, கலை, பேச்சு, சமூக அறிவியல் எல்லாம் அதில் வரும். இதை முதல் வருடத்திலேயே முடித்துவிட்டு மேஜர் பாடங்களை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளுவது அறிவியல் பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை. யூசி கம்ப்யூட்டர் சயின்ஸ் மனுவை வாசிப்பவர் கால்குலஸிலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸிலும் என்ன மார்க் என்றுதான் தேடுவார். ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் இரண்டும் விதிவிலக்கு, அவை கட்டாயம், முதல் வருடத்திலேயே முடித்துவிடவேண்டும்.

காலேஜ் எது என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. ஃப்ரீமான்ட்டில் இருந்தால் ஓலோனியில்தான் சேரவேண்டும் என்றில்லை. கூப்பர்டினோவின் டி ஆன்சாவுக்கும் போகலாம். மாநிலத்துக்குள் குடியிருப்பவருக்கு எங்கே போனாலும் ஒரே கட்டணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓலோனி செமஸ்டர் முறை, டி ஆன்சா குவார்ட்டர் முறை, அதாவது வருடத்தை இன்னும் சின்னப் பருவங்களாகப் பிரிப்பது. நடுவில் மாறக்கூடாது. என் அக்கா மகன் ஒரு செமஸ்டர் காலேஜில் இரண்டு கால்குலஸை முடித்துவிட்டு, மூன்றாவதை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குவார்ட்டர் காலேஜில் எடுக்கப் போனான். அங்கே அதே விஷயத்தை நான்கு துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் துண்டில் பாதி அவன் படித்தது, நான்காம் துண்டுக்கு மூன்றாவது வேண்டும் என்றார்கள். போதாததற்கு, அவன் போக நினைத்த வளாகம் கால்குலஸ் வரிசையை ஒரே காலேஜில் முழுதாக முடித்திருக்கச் சொன்னது. தொலைந்தது ஒரு குவார்ட்டர்தான். ஆனால் பெரும்பாலான யூசி வளாகங்கள் ட்ரான்ஸ்ஃபர் பிள்ளைகளை இலையுதிர் காலத்தில் மட்டுமே எடுப்பதால், அந்தச் சில வார நஷ்டம் ஒரு வருட நஷ்டம் ஆயிற்று. கணித வாத்தியார் மாமா பக்கத்திலேயே இருந்தும் யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்றுவரை அக்கா வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மார்க் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரும். அரியர் வைத்து எழுதலாம், இம்ப்ரூவ்மென்ட் எழுதி மார்க்கை ஏற்றலாம் என்ற நினைப்பு நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. இங்கே சி வாங்கிவிட்டால் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்து ஏ ஆக்க வழியில்லை. தேறிய பாடம் தேறியதுதான். டி, எஃப் வந்தால்தான் மறுபடி எடுக்கலாம். ஆகவே கால்குலஸில் சி-யில் தேங்கும்போல் இருந்தால், கடைசித் தேதிக்குள் டபிள்யூ (விலகியதற்கான குறி) போட்டு விலகுவது சில சமயம் புத்திசாலித்தனம். ஒரு டபிள்யூவை யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். நான்கு இருந்தால் கேள்வி வரும்.

யூசிக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மார்க் சராசரி) 2.4 என்று விதி சொல்லும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்த எண் வெறும் எண். அங்கே 3.9 வைத்திருக்கும் பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: முடியும், போகிறார்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் படகில் ஏறக்கூடாது.

இன்னொரு படகும் இருக்கிறது. டாக் என்பார்கள், இடத்துக்கு எழுத்து மூலமான உறுதி. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்கு மட்டும்தான் கேட்கலாம், செப்டம்பர் 1 முதல் 30-க்குள். கேட்கப்பட்ட பாடங்களும் ஜிபிஏவும் இருந்தால் இடம் உறுதி. இதில் இரண்டு கண்ணி. முதலாவது, கம்ப்யூட்டர் சயின்ஸும் இன்ஜினியரிங்கும் பல வளாகங்களில் இந்த உறுதிக்குள் வராது. பட்டியல் வருடாவருடம் மாறும், அந்த வருடத் தாளைத்தான் பார்க்கவேண்டும். "கணிதத்துக்கு டாக் வாங்கி உள்ளே போய் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் நடக்காது, அந்தக் கதவுக்குக் காவல் அதிகம். கணிதமோ புள்ளியியலோ உண்மையிலேயே பிடித்திருந்தால் போகட்டும். அதைப் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போன என் மாணவர்கள் நிறைய. இரண்டாவது கண்ணி: டாக் வாங்கியதும் வேலை முடிந்தது என்று சும்மா இருந்துவிடுவது. நவம்பருக்குள் முறையான மனுவையும் போடவேண்டும், இல்லாவிட்டால் உறுதி காகிதத்தோடு போயிற்று. அந்த ஒரே மனுவில் பெர்க்லி, சான் டியேகோ எல்லாவற்றுக்கும் கேட்கலாம், டாக் தடையாகாது.

கால் ஸ்டேட்டை மறந்துவிடாதீர்கள். 2010-ல் வந்த சட்டப்படி ட்ரான்ஸ்ஃபருக்கென்றே ஓர் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் நிச்சயம். எங்காவது என்பதில்தான் விஷயம். சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நெரிசல் அதிகம். ஆனால் சிலிகான் வேலியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் காலேஜை நம்மவர்கள் ஏன் இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனுவில் எழுதும் பகுதி பற்றி ஒரு சொல். நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில். அதில் ஒன்று ட்ரான்ஸ்ஃபர் பிள்ளைகளுக்குக் கட்டாயம்: இந்த மேஜருக்கு உன்னை எப்படித் தயார்செய்துகொண்டாய் என்பது. சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் பிடிக்கும் என்று தொடங்கும் பதில்களை நான் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன். எந்த வகுப்பில் எந்த அசைன்மென்ட் உடைந்தது, அதை எப்படிச் சரிசெய்தாள், அதற்குப் பிறகு என்ன தேடிப் படித்தாள் என்று எழுதினால் போதும்.

இடம் கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். கிடைப்பது நிபந்தனையோடுதான். மனுவில் சொன்ன பாடங்களைக் கடைசி செமஸ்டரில் சொல்லாமல் மாற்றினாலோ, ஒன்றில் டி வாங்கினாலோ, கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஜூனில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கு சுருக்கமானது. மாநிலத்தவருக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. முழுநேரமாக முதன்முறை சேர்பவருக்கு அதையும் தள்ளுபடி செய்யும் காலேஜ்கள் உண்டு, சேரும்போது கேளுங்கள். யூசியில் கல்விக் கட்டணம் மட்டும் ஒரு வருடத்துக்கு 15,000 டாலரைத் தாண்டும், விடுதியும் சாப்பாடும் அதற்கு மேல்.

எச்-4தான் நான் உங்களை உட்காரவைத்துப் பேசவேண்டிய இடம். கலிஃபோர்னியாவில் எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் மாநிலத்தவர் கட்டணம் பெறலாம். ஆகவே 46 டாலர் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் மகளுக்கு 21 வயது நிறையும் நாளில் எச்-4 முடிந்துவிடும். 18-ல் சேர்ந்து 20-ல் மாறினால், அந்தப் பிறந்தநாள் மூன்றாம் ஆண்டின் நடுவில் வந்து விழும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறவேண்டியிருக்கும். எஃப்-1 மாணவர் பொதுவாக வெளி மாநிலத்தவர் கணக்கில் வருவார், யூசியில் அதற்குக் கூடுதல் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். கூட்டாட்சி அரசின் கல்வி உதவியும் கிடையாது. பள்ளியில் மூன்று வருடம் இங்கேயே படித்தவர்களுக்கு ஏபி 540 என்ற சலுகை உண்டே என்று சிலர் சொல்வார்கள். எச்-4, எஃப்-1 போன்ற விசா கையில் இருக்கும்போது அது பொருந்தாது. மூன்றாம் வருடம் ஆவது பற்றி நான் இவ்வளவு பயமுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பிறந்தநாள் கணக்கை முதல் வாரத்திலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும், போக நினைக்கும் வளாகத்தில் மாநிலத்தவரா இல்லையா என்று முடிவுசெய்யும் ரெசிடென்சி அலுவலகத்திலும் காட்டுங்கள். என்னைப் போன்ற கணித வாத்தியார் சொல்வதை இதில் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

இப்போதைக்கு அவசரம் பதிவுதான். புதுப் பிள்ளைகளுக்குப் பதிவு நாள் கடைசியில் வரும். ஓரியன்டேஷனை முடித்து, கவுன்சிலரோடு கல்வித் திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டால் கொஞ்சம் முன்னால் வரும். அப்படியும் காலை நேரக் கால்குலஸ் நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் முன் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பெயர் கொடுத்தவர்களில் சிலர் முதல் நாளே வருவதில்லை, அந்த இடங்களுக்கு நாங்கள் ஆட் கோடு (வகுப்பில் சேர்வதற்கான எண்) கொடுத்துவிடுவோம். இரண்டாம் நாள் மின்னஞ்சலில் கேட்டால் கோடு தீர்ந்திருக்கும்.